முன்விடுதலை: அமைச்சரவையா, குழுவா?

மதுரை மத்திய சிறையில் இருக்கும் மகனை மனு போட்டுப் பார்க்க வரும் அம்மாக்கள் கையில் துணிப்பையோடு காத்திருப்பார்கள். "அண்ணா பிறந்தநாளுக்கு விடுவாங்களாய்யா?" என்று விசாரிப்பார்கள். மகனின் விடுதலை ஒரு தலைவரின் பிறந்தநாளை நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயுள் கைதியைத் தண்டனை முடியும் முன்பே விடுவதுதான் முன்விடுதலை. அதை அமைச்சரவை மொத்தமாக முடிவு செய்வதா, கைதிகளை ஒவ்வொருவராக ஆராயும் குழுவிடம் விடுவதா என்பதே கேள்வி.

அரசியல் சட்டத்தின் 161-வது பிரிவின்படி, அமைச்சரவை சொன்னால் ஆளுநர் தண்டனையைக் குறைக்கலாம். ஒரே உத்தரவில் பல குடும்பங்களுக்கு விடிவு பிறக்கும், உண்மைதான். ஆனால் மேலூர் பக்கம் மேலவளவுக்குப் போய்ப் பாருங்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 3 பேர் 2008-ல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று மேலும் 13 பேர். கொலையுண்டவர்களின் வீட்டு வாசலில் நின்று இதற்கு என்ன காரணம் சொல்வது?

குழு பார்த்தால் நடைமுறை வேறு. நன்னடத்தை அலுவலர் ஊருக்கே வந்து விசாரிப்பார், சிறை நடத்தை, உடல்நிலை, திரும்பிப் போக வீடு உண்டா என்று ஒவ்வொரு கைதிக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். தாமதமாகும், கோப்பு தேங்கும். அப்புறம், அமைச்சரவை வழியிலும் தாமதம் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த பேரறிவாளனுக்கான அமைச்சரவைப் பரிந்துரை ஆளுநருக்கு 2018 செப்டம்பரில் போனது, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் அவரை விடுவித்தது.

நான் குழுவின் பக்கம். படுத்த படுக்கையான கைதிக்காக அமைச்சரவை தலையிடட்டும், காரணத்தை எழுத்தில் வைக்கட்டும். மேலவளவு போன்ற வழக்கில் கையெழுத்துக்கு முன்பே பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.