பூட்டிய மெயிலில் கையெழுத்தைச் சரிபார்க்க எது தேவலை: எஸ்/மைமா, ஓபன்பிஜிபியா?

என்க்ரிப்ட் ஆகி வந்த மெயில் என்றாலே நம்பிவிடுகிறோம். உங்கள் பொதுச் சாவி (மெயிலைப் பூட்ட நீங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் சாவி) கையில் கிடைத்த யாரும் உங்களுக்குப் பூட்டி அனுப்பலாம். அனுப்பியவர் யார் என்பதை உள்ளே இருக்கும் டிஜிட்டல் கையெழுத்துதான் சொல்லும். வழக்கமாகக் கையெழுத்துப் போட்ட பிறகு பூட்டுவார்கள். அதனால் திறந்த பிறகே சரிபார்க்க முடியும்.

அல்சூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், ஓசூரில் அவர்களின் கட்சிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் சாவி ஓசூர்க்காரருடையதுதான் என்று யார் உறுதி சொல்வது? மெயிலைப் பூட்டவும் கையெழுத்திடவும் உள்ள எஸ்/மைம், ஓபன்பிஜிபி என்ற இரண்டு முறைகளும் பிரிவது இங்கேதான்.

எஸ்/மைமில் சான்றிதழ் நிறுவனம் சொல்கிறது. ஆடிட்டர்கள் தாக்கலுக்குச் செருகும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனும் இதே குடும்பம்தான். அவுட்லுக்கிலும் ஆப்பிள் மெயிலிலும் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் உறுதி சொல்பவரே சறுக்கினால்? 2014-இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான என்ஐசியின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது அம்பலமானது. அவை இணையதளங்களுக்கானவை, மெயிலுக்கு அல்ல. நம்பும் முறை மட்டும் ஒன்றேதான்.

ஓபன்பிஜிபியில் அந்த வேலை உங்கள் தலையில். தண்டர்பேர்ட் மெயில் செயலியில் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து இந்த முறை உள்ளேயே இருக்கிறது. ஓபன்பிஜிபிக்கான ஜிபிஜி மென்பொருளைக் கட்டளை வரியில் ஓட்டினால் ‘குட் சிக்னேச்சர்’ என்று வரும். அடுத்த வரியிலேயே, இந்தச் சாவிக்கு நம்பகமான சான்று இல்லை என்று எச்சரிக்கும். முதல் வரியோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம். சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்து ஃபிங்கர்பிரின்ட்டைப் போனில் ஒப்பிட யாருக்குப் பொறுமை?

இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. பெறுநர், சப்ஜெக்ட் வரிகள் பெரும்பாலும் கையெழுத்துக்குள் வராது. ஓசூர்க்காரர் ஒரு தரகருக்கு, ‘சரி, பணத்தை அனுப்பிவிடுங்கள்’ என்று கையெழுத்திட்டு அனுப்புகிறார். தரகர் அதைத் திறந்து, கையெழுத்தோடு அப்படியே ஆடிட்டருக்குப் பூட்டி அனுப்பினால் அங்கேயும் சரி என்றே காட்டும். யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்பதை மெயிலின் உள்ளேயே எழுதச் சொல்லுங்கள்.

புதுப்புது ஆட்களோடு புழங்கும் ஆபீஸுக்கு எஸ்/மைம்தான் என் ஓட்டு. தகராறு வந்தால், உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழுக்கு 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் துணை நிற்கும். நாலைந்து பேர், எல்லோரும் தெரிந்தவர்கள் என்றால் ஓபன்பிஜிபி போதும், காசும் மிச்சம். ஃபிங்கர்பிரின்ட்டை ஒப்பிடக் கூப்பிடும்போது மட்டும் அந்த மெயிலின் அடியில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, ஏற்கெனவே உங்கள் போனில் உள்ள நம்பருக்கு அடியுங்கள்.