திருகு வைத்த பித்தளை முறுக்கு அச்சு: ஒருவர் பிழிய, ஒருவர் பொரிக்க

கணவன் மனைவி சேர்ந்து பலகாரம் சுட இந்த அச்சு தோது. மர அச்சுபோல இரண்டு கையாலும் அழுத்த வேண்டாம், கைப்பிடியைச் சுற்றினாலே போதும். கனம்தான் அதிகம்; அதனால் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே பிடிக்காமல், எண்ணெய் தடவிய கரண்டியின் பின்புறத்தில் பிழிந்து பொரிப்பவரிடம் நீட்டுங்கள்.

அரிசி மாவு 4 கப், வறுத்தரைத்த உளுந்து மாவு 1 கப், வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயில் பிரிந்துபோகும். தண்ணீர் குறைந்தால் பிழியும்போதே அறுந்து விழும். முழுச் சீரகம் ஓமப்பொடி பிழியும் சிறு துளைத் தட்டின் துளைகளை அடைத்துவிடும்.

கடையிலேயே திருகிப் பாருங்கள். மாவை அழுத்தும் உள்தட்டு குழலோடு ஒட்டி இறங்க வேண்டும். இடைவெளி இருந்தால் மாவு மேலேறி மரையில் சிக்கும், அதைச் சுரண்டுவது பெரும்பாடு. உப்பு மாவை இரவு முழுக்க உள்ளே விட்டால் பச்சை பூக்கும். புளி போட்டுத் தேய்த்து, உடனே துடைத்துக் காயவைக்கவும்.