உப்புவெளியில் ஐந்து நாள் முகாமையாளர் பயிற்சி: ஓர் அனுபவ மதிப்பீடு

திருகோணமலைக் கரையிலுள்ள நிலாவெளியில் 40 அறைகள் கொண்ட விடுதியொன்றில் வரவேற்புப் பகுதி மேற்பார்வையாளராக இருக்கும் நான், தனியார் நிறுவனமொன்று உப்புவெளியில் நடத்திய இளநிலை முகாமையாளர் பயிற்சியில் சென்ற நவம்பரில் கலந்துகொண்டேன். வடகீழ்ப் பருவமழையில் கடல் கொந்தளித்து, புறாமலைத் தீவுக்குப் படகு ஓடாமல், விடுதிகள் வெறிச்சோடும் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே நல்ல யோசனை. சீசனில் எந்த முதலாளியும் ஐந்து நாள் விடுப்புத் தரமாட்டார்.

இரண்டாம் நாள் வருமானக் கணக்குக்காகவே கட்டணம் தகும். 40 அறைகளில் 30 அறைகளைத் தலா 18,000 ரூபாய்க்கு விற்றால் நிரம்பல் 75 வீதம். அந்த வருமானத்தை இருக்கும் எல்லா அறைகளுக்கும் பங்கிட்டால் அறைக்கு 13,500 ரூபாய் வரும். விலையை 14,000 ஆகக் குறைத்து 36 அறைகளை நிரப்பினால் நிரம்பல் 90 வீதமாக உயர்ந்தாலும் பங்கு 12,600 ஆக இறங்கிவிடும். மேலதிக ஆறு அறைகளுக்கான சலவை, சவர்க்காரம், காலை உணவுச் செலவு வேறு. விடுதி நிரம்பினால் இலாபம் என்று எட்டு வருடமாக நம்பியிருந்தவனுக்கு இது சற்று வெட்கமாகவே இருந்தது.

மறுநாள் நடிப்புப் பயிற்சி. தாமதமாக வரும் ரூம் போயாகச் சக பயிலுனர் ஒருவர் நடிக்க, நான் அவரைக் கண்டித்தேன். முடிந்ததும் வளவாளர், மூன்று நிமிடத்தில் நான் அவரிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். நான் அப்போதுதான் யோசித்தேன்: அவர் ஏன் தாமதித்தார் என்று எனக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. கைந்நூல் முழுக்க ஆங்கிலம். அதிலுள்ள உதாரணங்கள் ஆளணிப் பிரிவு தனியாக இயங்கும் பெரிய ஹோட்டல்களுக்குரியவை. எங்கள் கரையில் மழைக்காலத்தில் தற்காலிக ஊழியர்கள் வீடு திரும்பிவிடுவார்கள்; சீசன் தொடங்குமுன் புதியவர்களைச் சேர்த்து, தமிழும் சிங்களமும் கலந்த குழுவாக இரண்டு வாரத்தில் பழக்கியெடுக்க வேண்டியவர் முகாமையாளரே. காலைக் கூட்டத்தில் தமிழில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, பிறகு சமையலறைக்குப் போய் வேறொன்றைச் செய்யும் சமையற்காரரை என்ன செய்வது? இதற்கு ஒதுக்கப்பட்டது அரை மணித்தியாலம். 10 வீதச் சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பங்கிடும்போது மாதந்தோறும் எழும் மனக்கசப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஜனவரியில் விடுதிக்கே வந்து எங்கள் வேலையைப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் வரவில்லை. இரு தடவை தொலைபேசியில் கேட்டும் திகதி கிடைக்கவில்லை. ஐந்து நாளில் கேட்டதை வேலைத்தளத்தில் ஒருவர் நின்று திருத்தாவிட்டால் பழைய பழக்கம்தான் மிஞ்சும். சான்றிதழ் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமையும் அல்ல, அது தேவைப்படுவோர் சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வருடம் எங்கள் உணவகப் பொறுப்பாளரை அனுப்பச் சம்மதித்திருக்கிறேன். கட்டணத்தில் பாதியை மட்டும் முன்கூட்டியே செலுத்தி, மீதியை அவர்கள் விடுதிக்கு வந்து பார்த்த பிறகு தருவதாக எழுதிக் கேட்டிருக்கிறோம்.