டெக்சாஸில் ரெடிமேட் பாக்ஸ் பிளைண்ட் வாங்குகிறீர்களா? மீதிப் பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் உள்ள எங்கள் மான் வேட்டை லீஸுக்கு (வேட்டைக்குக் குத்தகை எடுத்த நிலம்) ஒரு பாக்ஸ் பிளைண்ட், அதாவது மான் கண்ணில் படாமல் உட்கார்ந்து சுடுவதற்கான மறைவுப் பெட்டி, ஆர்டர் கொடுத்தோம். 6-க்கு 6 அடிப் பெட்டி, 10 அடிக் கால். முழுக்க ட்ரீட்டட் மரம் (அழுகாமலிருக்க மருந்து ஏற்றியது), இன்சுலேஷன், டெம்பர்டு கண்ணாடி, காற்றில் கவிழாமல் தரையோடு பிடிக்கும் ஆங்கரும் சேர்த்து என்று பேச்சு. பாதிப் பணம் முன்பணம். வந்து இறங்கியது வேறு சரக்கு. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். சாலையோரம் அடித்து விற்கும் யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான். (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது உரிமம் எடுத்து, நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும் டெக்சாஸ் சீசனைப் பற்றி.)

முதலில் கால். ட்ரீட்டட் மரத்தின் முனையில் சின்ன பிளாஸ்டிக் டேக் அடித்திருக்கும். அதில் ‘யு.சி.4ஏ’ என்றிருந்தால் மண்ணில் பட்டு நிற்கலாம். ‘யு.சி.3பி’ என்றால் தரைக்கு மேலே மட்டும். எங்களுக்கு வந்ததில் மண்ணில் உட்காரும் குறுக்குக் கட்டைகள் அத்தனையும் 3பி. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் பச்சைதான். கால்களில் 4ஏ டேக் இருந்தது, ஆனால் அளவுக்கு அறுத்த முனையைக் கீழே வைத்திருந்தார்கள். மருந்து மரத்தின் நடுப்பகுதி வரை முழுசாக இறங்குவதில்லை. அறுத்த முகத்தில் காப்பர் நாப்தனேட் என்ற அழுகல் தடுப்பு மருந்தைப் பூசாவிட்டால் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்து, கீழே குனிந்து ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். கறுப்பாக, குழிந்த தலையோடு இருந்தால் அது ஜிப்சம் பலகைக்கு அடிக்கிற ஸ்க்ரூ. வளையாது, பட்டென்று முறியும். இப்போது வரும் ட்ரீட்டட் மரத்தில் செம்பு கலந்த மருந்து. சாதாரண இரும்பை அது சீக்கிரம் அரித்துவிடும். ஹாட் டிப் கால்வனைஸ்டு, இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ், அல்லது ட்ரீட்டட் மரத்துக்கென்றே கோட்டிங் போட்டு விற்கும் ஸ்க்ரூதான் போட வேண்டும். பெட்டி காலில் சேரும் இடத்தில் ஸ்க்ரூவே கூடாது: அரை அங்குல போல்ட், இரு பக்கமும் வாஷர், ஊடுருவிப் போய் நட்டு. எங்கள் பெட்டியை மூலைக்கு நாலு கறுப்பு ஸ்க்ரூ தாங்கிக்கொண்டிருந்தது. அதில் ஆள் ஏறி உட்கார வேண்டுமாம்!

காற்றுக் கணக்கை யாரும் சொல்வதில்லை. மணிக்கு 60 மைல் காற்று ஒரு சதுர அடிக்குச் சுமார் 9 பவுண்டு தள்ளும். 6 அடி அகலம், ஆறரை அடி உயரச் சுவர் என்றால் 350 பவுண்டு, அதுவும் 13 அடி உயரத்தில். கவிழ்க்கும் திருப்புவிசை ஏறக்குறைய 4,550 அடி-பவுண்டு. பெட்டியும் காலும் சேர்ந்து 700 பவுண்டு என்று வைத்தாலும், கால் நேராக நின்றால் எதிர்த்து நிற்பது 2,100தான். சாய்வு பிராக்கெட் போட்டு அடியில் 10 அடிக்கு விரித்தால் 3,500. அப்போதும் போதாது. ஆகவே நாலு மூலையிலும் கேபிள் கட்டியே ஆக வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது திருகி இறக்கும் ஆங்கர். மணல் பூமிக்கு அது சரி. ஹில் கன்ட்ரியில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை, பாதியில் நின்றுவிடும். இங்கே பாறையில் துளை போட்டு எபாக்ஸி வைத்து இறக்கும் கண் போல்ட் வேண்டும்.

ஜன்னல்தான் பிளைண்டின் உயிர், அங்கேதான் அளவே எடுக்கவில்லை. 18 அங்குல உயர நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியைச் சாய்க்க, ஜன்னலின் அடிவிளிம்பு பெட்டியின் தளத்திலிருந்து 36 முதல் 38 அங்குலத்தில் இருந்தால் தோதாக இருக்கும். வந்தது 43. கண் உயரம் 47 அங்குலம், ஜன்னலிலிருந்து ஒன்றரை அடி பின்னால் உட்கார்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 10 அடிக் காலின் மேலிருந்து முதல் 60 அடிக்குத் தரையே தெரியாது. விளிம்பை 37-க்கு இறக்கினால் 25 அடியிலேயே தெரியத் தொடங்கும். விளிம்புக் கட்டை வெளிப்பக்கம் சரிய வேண்டும். மட்டமாக இருந்தால் மழைநீர் உள்ளேதான். டெம்பர்டு கண்ணாடி என்றால் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கும். அது இல்லை, விரலால் தட்டினால் மொத்தென்று சத்தம், அப்படியானால் அக்ரிலிக். அதில் கீறல் விழும், சட்டத்தில் உரசினால் கீச்சிடும். ஜன்னலைத் தூக்கி நிறுத்தச் சங்கிலி கொடுத்திருந்தால் அது சத்தம் போடும், கழற்றிவிட்டுக் கயிறு கட்டுங்கள். உள்சுவர் வெளிர் நிறமாக இருந்ததால் பின் ஜன்னல் வெளிச்சத்தில் தலை அசைவது அப்படியே தெரிந்தது; மங்கலான கறுப்பு அடித்தாயிற்று.

கூரை முன்பக்கம் சரிந்து, தண்ணீர் நேராகச் சுடும் ஜன்னல் மேல் விழுகிறது. பின்பக்கம் சரித்து, எல்லாப் பக்கமும் நாலு அங்குலம் வெளியே நீட்ட வேண்டும். தகட்டு ஸ்க்ரூவில் ரப்பர் வாஷர் இல்லையென்றால் முதல் மழையிலேயே ஒழுகும். சுவர் ஓ.எஸ்.பி. (மரச் சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்தது) பலகையின் விளிம்பில் பெயின்ட் இல்லாவிட்டால் தண்ணீர் குடித்து உப்பிவிடும். வாங்கியதும் விளிம்புகளுக்கு மட்டும் இரண்டு கோட் அடியுங்கள்.

இன்சுலேஷன் என்று சொன்னது ஸ்டேப்பிள் அடித்த வெறும் பபிள் ஷீட். எலிக்குக் கொண்டாட்டம். புரொப்பேன் ஹீட்டர் வைப்பவர்கள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வையுங்கள். கண்ணாடி எவ்வளவு இறுக்கமாக மூடுகிறதோ அவ்வளவு ஆபத்து.

பணம் விஷயம். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கொடுங்கள். சண்டை வந்தால் கார்டு நிறுவனத்திடம் தகராறு பதியலாம். போன் ஆப் வழியாக அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். டேக் வகை, போல்ட் அளவு, ஜன்னல் உயரம், ஆங்கர் வகை நாலையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். டிரெய்லரிலிருந்து இறக்கும் முன்பே படம் எடுத்து வையுங்கள். ஏமாற்று வியாபாரத்துக்கு எதிரான டெக்சாஸ் சட்டத்தில் வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பாகவே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நாங்களும் கொடுத்திருக்கிறோம். அதற்கும் மசியாவிட்டால் ஜஸ்டிஸ் கோர்ட். 20,000 டாலர் வரை அங்கே வக்கீல் இல்லாமலே போடலாம்.