நிப்பிள் இல்லாத குறொஸும் என் 109 லாண்ட் ரோவரும்

மூதூரில் இருக்கும் மருமகன் போன கிழமை கேட்டான்: "மாமா, சீரிஸ் 3 லாண்ட் ரோவர் ஒண்டு விலைக்கு வருது. 109, டீசல். எடுக்கலாமா?" (109 என்பது முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான அங்குலக் கணக்கு.) 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய ஜீப்புகளைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2025இல் மறுபடி திறந்துவிட்டும் வரியைக் கேட்டால் பழையதே போதும் என்றுதான் தோன்றும். ஆகவே அவன் கேட்டதில் நியாயம் உண்டு. போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுக்க எழுதுகிறேன். என்ஜின், டீசல் செலவு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது குறொஸைப் பற்றி, அதாவது யுனிவர்சல் ஜொயின்ட், ஷாஃப்ட் மடங்கியபடியே சுற்ற விடும் சிலுவை மாதிரி மூட்டு.

என் வண்டிக்கு வேலை குச்சவெளிப் பக்கம். கரையிலிருந்து மீனும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு மணலைத் தாண்டி நிலாவெளி ரோட்டில் ஏறி டவுனுக்கு வரவேண்டும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தட்டின் இடுக்கால் ஒழுகி, என்ஜினின் இழுவையை அக்சிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மேல் நேரே விழும். அதோடு ஈர மணலும் சேரும். குறொஸுக்கு இதைவிடக் கெட்ட இடம் தேடினாலும் கிடைக்காது.

ஒரு குறொஸுக்கு நான்கு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் ஊசி ஊசியாகப் பெயரிங். கிறீஸ் வற்றினால் முதலில் மெதுவாகப் போகும்போது "கீச் கீச்" என்று சத்தம் வரும், ஷாஃப்ட் சுற்றும் வேகத்துக்கே. பிறகு கிண்ணத்தின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் தூள் தெரியும். அது துரு, உள்ளே ஊசிகள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கும் பிறகுதான் எக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது "டக்" என்று அடிக்கும். அந்த நேரம் கழற்றிப் பார்த்தால் கையின் மேல் ஊசி பதிந்த கோடுகள் விரலில் தட்டுப்படும். இனி எவ்வளவு கிறீஸ் அடித்தாலும் பிரயோசனம் இல்லை.

இந்த முறை முன் அக்சில் குறொஸ் இரண்டையும், முன் ஷாஃப்டின் குறொஸ் இரண்டையும் சேர்த்து மாற்றினோம். முன் அக்சிலில் இருப்பவை சில்லுப் பக்கத்து உருண்டைக் கூட்டுக்குள், 90 கியர் ஒயிலில் ஊறிக் கிடப்பவை. அவற்றுக்கு நிப்பிள், அதாவது கிறீஸ் அடிக்கும் வாய், வேண்டியதே இல்லை. ஆனால் உப்புக் காற்று அந்த உருண்டையின் குரோம் பூச்சில் குழி குழியாக அரித்துவிடும். குழி ஸீலை வெட்டும், ஒயில் வெளியே போகும், கடல்தண்ணீர் உள்ளே போகும். என் வண்டியில் வடித்த ஒயில் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. குறொஸ் மட்டும் மாற்றி உருண்டையையும் ஸீலையும் விட்டால் அந்தச் செலவு வீண் என்று கராஜ் பாஸ் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

வேலை என்று பார்த்தால் இந்த வண்டியைப் போல மனிதனை மதிக்கும் வண்டி வேறு இல்லை. ஹப்பைக் கழற்றி, ஸ்டப் அக்சிலை எடுத்தால் அக்சில் ஷாஃப்ட் கையோடு வெளியே வருகிறது. முன் ஷாஃப்டின் போல்ட்டுகளுக்கு ஒன்பதின் கீழ் பதினாறு (9/16 அங்குல) ஸ்பானர் ஒன்று போதும். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் சேர்க்ளிப் வளையத்தைப் பிடுங்கி, வைஸில் ஒரு பக்கம் சின்ன சொக்கட், மறுபக்கம் பெரிய சொக்கட் வைத்து இறுக்கினால் பழைய கிண்ணம் தானாக நழுவிப் பெரிய சொக்கட்டுக்குள் விழும். பூட்டும்போதுதான் கவனம் வேண்டும். ஊசி ஒன்று சரிந்து கிண்ணத்தின் அடியில் கிடந்தால் சேர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. அங்கே சுத்தியலால் அடித்தால் புதுக் குறொஸ் அப்படியே போச்சு. கிறீஸால் ஊசிகளை ஒட்டி வைத்துப் பொறுமையாகத் தள்ளவேண்டும். முன் ஷாஃப்டை இரண்டாகப் பிரித்தால் அம்புக் குறிகளை நேருக்கு நேர் வைத்துத்தான் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் வண்டி நடுங்கும்.

இதில் மருமகனுக்கு ஒன்று. நாலு சில்லும் இழுக்கும்போது ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்தால் கையில் ஒரு துடிப்பு வரும். அது தேய்மானம் இல்லை. ஒற்றைக் குறொஸ் மடங்கிச் சுற்றும்போது வேகம் ஒரு சீராகப் போகாது. 30 பாகை மடங்கினால் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்து, 15 சதவீதம் கூடும். புதுக் குறொஸ் போட்டாலும் அப்படித்தான். மணலில் தெரியாது, தார் ரோட்டில் தெரியும். தார் ரோட்டில், நாலு சில்லையும் இழுக்க வைக்கும் மஞ்சள் குமிழை அமத்தவே கூடாது.

இனி என் கோபம். முன் ஷாஃப்டுக்குப் போன தடவை டவுனில் ஒரு கடையில் வாங்கிய குறொஸுக்கு நிப்பிள் இல்லை. "ஸீல் பண்ணினது, கிறீஸே தேவையில்ல" என்றார்கள். அடுத்த மாரி முடியமுன்னமே கீச்சத் தொடங்கிவிட்டது. நியாயமாகச் சொன்னால் அந்தச் சாமான் மட்டமில்லை. துளை போடாத குறொஸுக்குப் பலம் கூட. கந்தளாய்ப் பக்கம் காய்ந்த ரோட்டில் ஓடுகிறவனுக்கு அது நல்லாகவே உழைக்கும். ஆனால் கரையில் ஓடுகிறவனுக்குக் கிறீஸ் என்பது கழுவும் மருந்து. கிறீஸ் துவக்கால் அடிக்க அடிக்க பழைய கிறீஸோடு தண்ணீரும் மணலும் ஸீலால் பிதுங்கி வெளியே வரும். அந்த வழியையே அடைத்துவிட்டு ஆயுள் முழுக்க உழைக்கும் என்பது எந்தக் கரையில்? இந்தத் தடவையும் தேடித் தேடி ஒன்றுக்குத்தான் நிப்பிள் கிடைத்தது. மற்றதற்கு ஸீல் பண்ணினதைத்தான் போட்டிருக்கிறேன், மனமில்லாமல்.

இப்போது சத்தமே இல்லை. சலப்பையாற்று மணலில் லோ கியருக்கான சிவப்பு லீவரை இழுத்துவிட்டுப் போகும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. இருந்தும் மருமகனே, வாங்காதே. கரை வேலைக்கு வாங்கவே வாங்காதே.

கேட்காமல் போய்ப் பார்ப்பதென்றால் சில்லுக்கு அடை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கையும் இறக்கிவிட்டுக் கீழே படு. முன் ஷாஃப்டைக் கையால் முறுக்கு. குறொஸுக்கும் அதைப் பிடித்திருக்கும் காதுக்கும் இடையில் மயிரளவு ஆட்டம் இருந்தாலும் விலையில் குறைக்கச் சொல். உருண்டையை விரலால் தடவிப் பார், குழி இருந்தால் இன்னும் குறைக்கச் சொல். நிப்பிள் வைத்த குறொஸ் பூட்டியிருந்தால், அந்த ஆள் எந்தக் கடையில் வாங்கினார் என்று மறக்காமல் கேட்டு எனக்குச் சொல்.