றிவர்ஸ்டன் பக்கம் கிளாம்பிங் போனது: குடுத்த காசுக்குக் காணுமோ?

கிளாம்பிங் எண்டா கட்டில், மெத்தை எண்டு வசதியோட டென்ட்டில தங்குறது, நாங்கள் போனது மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலையில இருக்கிற றிவர்ஸ்டனுக்கு. முதலே சொல்லிடுறன், இடம் வடிவு, சாப்பாடு திறம், ஆனா டென்ட் அடிச்ச பெடியளுக்கு டென்ட் அடிக்கத் தெரியாது. இடத்தின்ர பேரைக் கேக்காதேங்கோ, உந்தப் பக்கம் இப்ப இப்பிடி இடங்கள் கனக்க வந்திட்டுது, நான் எழுதுறது எங்க புக் பண்ணினாலும் உதவும்.

கிளிநொச்சியில இருந்து போறவைக்கு வழி லேசு. எங்கட வாசலால போற ஏ9 றோட்டே வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை எண்டு நேர மாத்தளைக்குக் கொண்டுபோய் விடும், அங்கால ரத்தோட்டைக்குத் திரும்பி ஏறவேண்டியதுதான். ஏற ஏற றோட்டு ஒடுங்கும், வளைவுகள் கூட, புகார் இறங்கிச்செண்டா முன்னால வாற வாகனம் கிட்ட வரும் வரைக்கும் தெரியாது. வான் ஹயர் பண்ணிப் போறவை மலையில ஓடிப் பழகின டிறைவரா எண்டு கேட்டுக்கொண்டு எடுங்கோ, வழியில முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சால் மட்டும் காணாது.

புக்கிங் எல்லாம் வட்ஸ்அப்பிலதான். அரைவாசிக் காசு முதலே பாங்கில போடச் சொல்லிச்சினம், கான்சல் பண்ணினா திருப்பித் தரமாட்டினமாம், மழை, மண்சரிவு எண்டு றோட்டு மூடினால் என்ன செய்வியள் எண்டு கேட்டதுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையும் ‘டோன்ட் வொறி’ எண்டும் பதில் வந்தது. எனக்கு உது பிடிக்கேல்லை. நக்கிள்ஸ் பக்கம் மண்சரிவு எண்டுறது சும்மா கதை இல்லை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு பிரதேச செயலகப் பிரிவு வாரியா எச்சரிக்கை விடும், போக முதல் ரத்தோட்டைப் பிரிவு, லக்கலைப் பிரிவு ரெண்டையும் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ. படத்தில வேற ஒரு டென்ட் தனிய மலை விளிம்பில நிக்கிற மாதிரி டிரோனால எடுத்துப் போட்டிருக்கினம், நேர போனா பக்கத்து டென்ட்டின்ர கயிறும் எங்கட கயிறும் குறுக்கும் மறுக்குமாக் கிடக்கு, இருட்டில ஒவ்வொருத்தரா தடக்கினதுதான் மிச்சம்.

நாங்கள் எடுத்தது ரெண்டு வகை. மாமிக்கும் பிள்ளையளுக்கும் எங்களுக்கும் பலகைத் தட்டுக்கு மேல நடுவில கம்பு வைச்ச பெரிய கன்வஸ் டென்ட், கட்டில், மெத்தை, லைட் எல்லாம் இருக்கு, ஒரு ராவுக்கு முப்பதாயிரம் சொச்சம். தம்பியாக்களுக்கு நிலத்தில அடிச்ச சின்ன டோம் டென்ட், அது மலிவு. விலையைக் கேட்டதும் மாமி சொன்னா, “யூஎன்காரன் எங்களுக்குச் சும்மா தந்ததை நீங்கள் முப்பதாயிரம் குடுத்து எடுக்கிறியளோ பிள்ளை?” எண்டு. 2009இல மெனிக்பாம் அகதி முகாமில கிடந்த மனிசி, அவவுக்கு டென்ட் எண்டா சுற்றுலா இல்லை. வரமாட்டன் எண்டுதான் முதல் நிண்டவ, பேரப்பிள்ளையள் அழுதுதான் வந்தவ.

ஆனா இந்த றிவியூவில பாதி மாமிதான் எழுதினது எண்டு சொல்லலாம். வந்து இறங்கின உடன எல்லாரும் வியூ பாக்கப் போக, அவ தம்பியாக்களின்ர டென்ட்டைச் சுத்தி ஒரு ரவுண்ட் நடந்தா. கீழ விரிச்ச தறப்பாள் டென்ட்டை விட ஒரு முழம் வெளியால நீட்டிக்கொண்டு கிடக்கு. “உதில விழுற மழை முழுக்க உள்ளுக்குத்தான் போகும், மடிச்சு விடு” எண்டு தம்பியைக் கூப்பிட்டா. அங்க நிண்ட பெடியன் சிரிச்சுக்கொண்டு அரைகுறைத் தமிழில “பிரச்சினை இல்லை அம்மா, வோட்டர்புறூப்” எண்டான். உண்மைதான், லேபலில 1500 மில்லிமீற்றர் எண்டு போட்டிருக்கு, அந்த உயரத்துக்குத் தண்ணியை நிறுத்தி வைச்சாலும் துணியால ஒழுகாது எண்டு அர்த்தம். ஆனா மேல இருந்து வாற தண்ணியை மறிக்கிற துணி கீழ தேங்கி நிக்கிற தண்ணிக்கு மேல ஆக்கள் படுத்து அமத்தேக்க என்ன செய்யும்? தறப்பாள் எப்பவும் டென்ட் அடியை விடக் கொஞ்சம் சின்னனா இருக்கவேணும், மிச்சத்தை அடியில மடிச்சு விடவேணும். அதோட கயிறு கட்டுற முளைகளை நேர குத்தி இறக்கியிருந்தவை, தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கமாச் சாயிற மாதிரிக் குத்தினால்தான் காத்து இழுக்கேக்க கழராது. றிவர்ஸ்டன் காத்து எண்டால் சும்மா காத்தில்லை, ஆளையே தள்ளும்.

ஏப்ரல் மாசம் எண்டபடியா பின்னேரம் இடி முழக்கத்தோட மழை வந்தது. ரெண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலத்தில மலைநாட்டுப் பக்கம் உது வழமை, காலமை பளிச்செண்டு இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கறுக்கும். தம்பியாக்கள் தறப்பாளை மடிச்சு விட்டபடியா தப்பிச்சினம், பக்கத்து டோம் டென்ட்டில இருந்த குருநாகல் பெடியள் ஒன்பது மணிக்கே மெத்தையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டிலுக்கு ஓடி வந்திட்டினம். பாவம். மாமி அவையளுக்குச் சிங்களத்தில ஏதோ சொல்லிச் சொல்லிக் கையால வாய்க்கால் வெட்டிக் காட்டினா, அவையளும் தலையாட்டிச்சினம். நைலோன் கயிறு நனைஞ்சா இளகும், மழைக்குள்ள ஒருக்கா வெளியால வந்து திருப்பி இழுத்துக் கட்டவேணும், இல்லாட்டி மேல்துணி தொய்ஞ்சு உள்துணியில முட்டும், முட்டினா ஈரம் உள்ளுக்கு வந்திடும். இதைச் செய்ய ஆள் வைச்சிருக்கிறதுக்குத்தானே காசு வாங்குறது? ஒருத்தரும் வரேல்லை.

எங்கட கன்வஸ் டென்ட் ஒழுகேல்லை. ஆனா விடிய எழும்பிப் பாத்தா போர்வைக்கு மேல ஈரம், பிள்ளையின்ர தலைமாட்டில சொட்டுச் சொட்டா விழுது. நான் ஓட்டை எண்டு நினைச்சுக் கத்தப் போக, அங்க சமைக்கிற அக்கா, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து ஆள், தேத்தண்ணியோட வந்தவ சிரிச்சா. “மழை இல்லீங்கம்மா, ஒங்க மூச்சுதான். ஜன்னல் எல்லாத்தையும் இழுத்து மூடிட்டுப் படுத்தா கூரை வேர்க்கும், மேல ரெண்டு பக்கமும் கொஞ்சம் தொறந்து வைங்க” எண்டா. குளிருக்குப் பயந்து எல்லா சிப்பையும் பூட்டிப்போட்டுப் படுத்தது நாங்கள்தான், ஆனா உதை முதல் நாள் வந்த உடன சொல்லவேண்டியது அவையள். அதோட ஈரமான கன்வஸில உள்பக்கம் கை முட்டினா அந்த இடத்தால ஒழுகத் தொடங்கும், பிள்ளையளுக்கு விரலால கீறி விளையாட வேண்டாம் எண்டு சொல்லி வையுங்கோ.

குளிரைப் பற்றி. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரைப் பாகை அளவில குறையும் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சதுதான், ஆனா ஏப்ரலில ஃபானுக்குக் கீழ வேர்த்து ஒழுகிற எங்களுக்கு இருபதுக்குக் கீழ போனாலே பல்லு கிடுகிடுக்கும், காத்தும் சேர்ந்தா சொல்லி வேலை இல்லை. அவையள் தந்த போர்வை மெல்லிசு. தம்பியாக்களுக்குத் தந்த ஸ்லீப்பிங் பாக் பரவாயில்லை, ஆனா கீழ போட்ட ஸ்பொஞ்ச் விரல் மொத்தம்தான், குளிர் மேலால வாறதை விட நிலத்தால வாறதுதான் கூட, அதால வீட்டில இருந்து பாய் ரெண்டு கொண்டு போங்கோ, பிறகு எனக்கு நன்றி சொல்லுவியள். சுடுதண்ணி இருக்கு எண்டினம், ஜெனரேட்டர் போடுற நேரம் மட்டும்தான்.

சாப்பாட்டுக்குக் குறை சொல்ல ஏலாது. இரவு ரொட்டி, கட்டைச் சம்பல், கோழிக்கறி, விடிய பால்சோறும் லுணுமிரிசும். எங்கட ஆக்களுக்கு உறைப்புக் காணாது எண்டு தெரிஞ்சு அந்த அக்கா தனியா மிளகாய் பொரிச்சுத் தந்தவ. மாமிக்கும் அவவுக்கும் நல்ல ஒட்டு, குசினிக்குள்ளயே இருந்து அந்தத் தோட்டத்துக் கதை, இந்தக் காட்டுக் கதை எண்டு ராவு பத்து மணி வரைக்கும் கதைச்சினம். நான் குடுக்கிற நட்சத்திரம் எல்லாம் அந்தக் குசினிக்குத்தான்.

சுத்திப் பாக்க பிட்டவல பத்தன புல்வெளி, அதின்ர விளிம்பில இருக்கிற மினி வேர்ல்ட்ஸ் எண்ட் எண்ட செங்குத்துப் பள்ளம், பிறகு சேர எல்ல, அருவிக்குப் பின்னால போய் நிக்கலாம், பிள்ளையள் அங்கயிருந்து வரமாட்டம் எண்டு நிண்டவை. காடு முழுக்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர பொறுப்பு, 2010இல யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில போன இடம், கண்ட இடத்தில நெருப்பு மூட்டுறது, பிளாஸ்டிக் எறியுறது சரிவராது. மழைக்குப் பிறகு அட்டை கடிக்கும், சொக்ஸுக்குள்ள நீளக் காற்சட்டையைச் சொருகி, வெளியால சவர்க்காரத்தையோ சித்தாலேப பாமையோ பூசிக்கொண்டு போங்கோ. கடிச்சாப் பிடுங்காதேங்கோ, நகத்தால வழிச்சு விட்டாக் காணும்.

போற மாசம் முக்கியம். மார்கழி லீவுக்குத்தான் எங்கட ஆக்கள் கூட வெளிக்கிடுறவை, ஆனா வடகீழ்ப் பருவமழை அந்தப் பக்கத்துச் சரிவிலயும் நல்லா அடிக்கும், வன்னி வெள்ளத்தை விட்டிட்டு மலை வெள்ளத்துக்குப் போறதுதான். ஆகஸ்டில மழை குறைவு, காத்துத்தான் ஆளைக் கொல்லும், சின்ன டென்ட்டுக்குச் சரிவராது. மாசி, பங்குனிதான் நல்லது, ஆனா அப்ப லீவு இல்லை, சனி ஞாயிறோட போயா லீவு சேர்ந்து வந்தாப் பாருங்கோ.

திருப்பிப் போவனோ எண்டா, போவன், ஆனா முப்பதாயிரம் குடுத்து இல்லை, பேரம் பேசி இருபதுக்குக் கொண்டுவந்தாத்தான். புக் பண்ணேக்க பலகைத் தட்டு இருக்கோ, இரவு மழை பெஞ்சா ஆள் நிப்பினமோ, காசு திருப்பித் தருவினமோ எண்டு மூண்டையும் வொய்ஸ் மெசேஜில பதிலா வாங்கி வையுங்கோ. வயசு போன ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறவை வான் நிக்கிற இடத்தில இருந்து டென்ட்டுக்கு எவ்வளவு படி எண்டும் கேளுங்கோ, எங்கட இடத்தில செங்குத்தா இறங்கிறது, கைபிடி ஒரு பக்கம்தான், அதுவும் பாதியில முடிஞ்சிட்டுது.