கழல மறுக்கும் பின் டிரம்: சுத்தியலா, ரெண்டு போல்ட்டா?

பின் பிரேக் ஷூ மாற்றலாம் என்று ஞாயிறு காலை ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டும் கொடுத்து உட்கார்ந்தேன். வீல் வந்துவிட்டது, டிரம் (ஷூவை மூடியிருக்கும், வீலோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) வரவில்லை. இழுத்த இழுப்பில் கார்தான் ஆடியது.

கை தானாகப் போவது சுத்தியலுக்குத்தான். ஸ்டட்டுகளுக்கு (வீல் நட்டு ஏறும் தண்டுகள்) நடுவே சுற்றிச் சுற்றித் தட்டினால் டிரம்மைப் பிடித்திருக்கும் துரு விடும், பொய்யில்லை. ஆனால் ஆத்திரத்தில் ஓரத்தில் ஒரு போடு போட்டால் தொலைந்தது, டிரம் வார்ப்பிரும்பு, வளையாது, விரிசல்தான் விடும். அரைமணி நேரம் தட்டியதில் பக்கத்து வீட்டு மாமாதான் வெளியே வந்தார்.

அப்புறம் ஸ்ப்ரே. டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனால் 1953இல் அதை உண்டாக்கியதே உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டத்தான். துருவுக்குள் இறங்க பெனிட்ரேட்டிங் ஆயில் என்றே தனியாக விற்பது மேல். எதுவானாலும் நடு ஹப்பை (டிரம் உட்காரும் மையப் பாகம்) சுற்றி மட்டும் கொஞ்சமாக அடித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். உள்ளே ஷூவில் பட்டால் பிரேக் பிடிக்காது. சூடு காட்டும் யோசனையை விடுங்கள், பின்னாலேயே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் இருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது ரெண்டு 8 மி.மீ. போல்ட். பல ஜப்பானிய வடிவமைப்புக் கார்களின் டிரம் முகத்தில் மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும், துருவில் கண்ணுக்குத் தெரியாது, கம்பி பிரஷ் போட்டால் தெரியும். ரெண்டிலும் போல்ட்டை விட்டு இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால் போல்ட் முனை ஹப்பில் முட்டி டிரம்மைத் தள்ளும். ஒரே பக்கமாக முறுக்கினால் மரை போய்விடும். எனக்கு ஆறாவது முறுக்கில் ‘டப்’ என்றது.

ஆனால் ஹப்பை விட்டு வந்த டிரம் பாதியில் மறுபடி மாட்டிக்கொண்டதே, அது துரு இல்லை. தேய்ந்த டிரம்மின் உள் ஓரத்தில் தேயாமல் நின்ற மேட்டில் ஷூ சிக்கிக்கொள்கிறது. அங்கே போல்ட்டும் உதவாது, சுத்தியலும் உதவாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி (முன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு!), ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால்தான் வரும்.

சில சின்ன கார்களில் பேரிங்கே டிரம்முக்குள் இருக்கும், நடு நட்டைக் கழற்றிப் புல்லர் (டிரம்மை இழுத்தெடுக்கும் கருவி) போட வேண்டும். அந்தக் கருவி என்னிடம் இல்லை. அந்த வண்டி என்றால் நேரே மெக்கானிக்கிடம் விட்டிருப்பேன்.